ராத்திரிப் படத்தை அழுத பிள்ளை

உப்பளத்துக்குப் போகிறவர்களுக்கு விடியற்காலம் என்பது மற்ற ஊர்க்காரர்களின் நடுச்சாமம். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது, தலைக்கு மேலே ஒரு சூரியன், காலுக்குக் கீழே உப்பில் ஒரு சூரியன் என்று இரண்டுக்கும் நடுவில் கண் அவிந்துபோகும், ஆகையினால் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரமாகக் கிடந்த அந்த வளவில் ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் அடுப்பு எரியும், கடுங்காப்பி கொதிக்கும், பெண்கள் தூக்குவாளியில் சோற்றை அடைப்பார்கள், ஆண்கள் பல்லைத் தேய்த்துக்கொண்டே வாசலில் நிற்பார்கள், பிறகு லாரி வருகிறவரைக்கும் எல்லா வீட்டிலும் டிவி ஓடும். வளவு என்றால் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிற வீடுகள். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. சுவருக்கும் மேலே கிடக்கிற சிமெண்ட் ஷீட்டுக்கும் நடுவில் கை போகிற அளவுக்குச் சந்து உண்டு, ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள்.

அந்த நேரத்தில் டிவியில் சோப்பு விற்கிறவன்கூட விளம்பரம் கொடுக்கமாட்டான். கேட்பாரில்லாத நேரத்தில் எதையாவது ஓட்டித் தொலைக்கவேண்டும் என்று ஒரு சேனல்காரன் வெளிநாட்டுப் பாட்டுப் படங்களாக வாங்கிப் போட்டான். பாதிப் படங்களில் கதையே இருக்காது, யாரோ ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் தீவுக்கும் போய் அங்கே கொட்டுகிறவனையும் ஊதுகிறவனையும் பிடித்துக்கொண்டு வந்திருப்பான். மீதிப் பாதியில் பாட்டுக்காரனுடைய கஷ்ட கதை வரும். பேசுவது ஒருவருக்கும் புரியாது. புரியாவிட்டாலும் உப்பளத்துக்காரர்களுக்கு அந்த நேரத்தில் கண் முழிக்க ஒரு சத்தம் வேண்டும், அதனால் பார்த்தார்கள்.

கடைசிக்கு முந்தின வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சுயம்புக்கனி. செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரி, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வந்த புதிதில் யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவாள், ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டுதான், கேட்டவர்கள் தங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு போவார்கள். புருஷன் லிங்கதுரை நல்லவன். அவளுக்குப் பெற்ற தாய் இல்லாததால் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் பெண் பிள்ளையை எடுத்தார்கள். எடுத்த உடனே பிள்ளை அழுத முதல் அழுகையை டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லிங்கதுரைகூடக் கேட்டான், மயக்கத்தில் கிடந்த சுயம்புக்கனி மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பிள்ளை குடித்தது, தூங்கியது, முனகியது, வாயைத் திறந்து அழவில்லை.

வீட்டில் இருந்த ஒரே ஃபேன் டிவிக்கு மேலே மாட்டியிருந்தது. ஆகவே தொட்டிலையும் டிவிக்கு முன்னால்தான் கட்டினார்கள். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அந்தச் சேனலில் ஏதோ ஒரு தீவுப் பெண்களைக் காட்டினான். இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்றுகொண்டு தண்ணீரையே கொட்டு மாதிரிக் கையால் அடித்தார்கள், கையைக் குவித்து அடித்தால் ஒரு சத்தம், விரித்து அடித்தால் ஒரு சத்தம். பிள்ளை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடந்தது. லாரி வந்து, லிங்கதுரை ஏறிப்போய், பொழுதும் விடிந்தபிறகு பிள்ளை வாயைத் திறந்து அழுதது. அந்தத் தீவுப் பெண்கள் அடித்த அடியை அப்படியே அழுதது.

சுயம்புக்கனி பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்தாள். பிள்ளை அழுதால் பால் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், என்ன மாதிரி அழுதால் என்று யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் அளத்திலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம், காலில் காய்ந்த உப்பைக்கூடக் கழுவாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி கனி, குழாயைத் தொறந்துபோட்டுட்டு என்ன செய்யுத? தண்ணி சளப்பு சளப்புன்னு போவுது!"

சுயம்புக்கனி தொட்டிலைக் காட்டினாள். தங்கபுஷ்பம் குனிந்து, சேலையை ஒதுக்கி, பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பிள்ளைதானா? நான் குழாயில தண்ணி வந்துட்டுன்னுல்லா குடத்தைக் கழுவுனேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்குடத்தோடு போய்விட்டாள்.

மறுநாள் பிள்ளை மலைக்காரர்கள் ஊதுகிற நீளக் குழலாக அழுதது. அதற்கு மறுநாள் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து பாடுகிற ஆளாக அழுதது. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா பிள்ளையைத் தராசில் போட்டாள், நெஞ்சில் குழாயை வைத்தாள், நாக்கைப் பார்த்தாள், அந்த நேரமெல்லாம் பிள்ளை ஒட்டகப் பாட்டை அழுதுகொண்டேதான் இருந்தது. "எடை நல்லாயிருக்கு. இதுக்குன்னு தனியா ஊசி ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். கரெண்டு போன ராத்திரிகளில் புதிதாக ஒன்றும் உள்ளே போகாததால் முந்தின நாள் பாட்டையே பிள்ளை அழுதது. அதையும் வளவு தெரிந்துகொண்டது, கரெண்டு போனால் இன்றைக்கும் பழைய பாட்டுத்தான் என்று சலித்துக்கொண்டது.

இதில் ரொம்ப சந்தோஷப்பட்டவர் கங்காணி வைகுண்டம்தான். ஆட்களை எழுப்பி லாரியில் ஏற்றுவது அவர் பாடு. அதுவரைக்கும் ராத்திரி ஒரு மணிக்குத் தகரத்தைத் தட்டிக்கொண்டு வீடு வீடாக நடப்பார், ஆட்கள் உள்ளேயிருந்து வைவார்கள். இப்போது பிள்ளை பாலுக்கு எழுந்து ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும், சுவருக்கு மேலே இருக்கிற சந்து வழியாகப் பாட்டு ஒவ்வொரு வீடாக இறங்கி எல்லாரையும் எழுப்பியது. அவர் தகரத்தைக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்துவிட்டார்.

எழும்புவதே பிள்ளையின் பாட்டுக்குத்தான் என்று ஆனபிறகு, மறுநாள் எந்தப் பாட்டுக்கு எழும்பப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள ஆட்களுக்கு ஆசை வந்தது. பகலில் பிள்ளையோடு வீட்டில் கிடக்கிறவள் சுயம்புக்கனி ஒருத்திதான். மத்தியானத்தில் அந்தச் சேனல்காரன் ராத்திரிப் படத்திலிருந்து துண்டு துண்டாகக் காட்டுவான், அதை அவள் பார்த்திருப்பாள். சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் அவளைக் கேட்பார்கள்.

"கனி, இன்னைக்கு என்ன படம்?"

முதலில் தலையை ஆட்டிப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு ஆட்டு போதவில்லை. அவள் வாயைத் திறந்துதான் ஆகவேண்டியிருந்தது.

"மலைக்காரவ. ஆள் நீளத்துக்குக் கொழலு. இவன் ஊதுனா அடுத்த மலையில கேக்குது. மெதுவாத்தான் போவும், ஆடு நெறைய வரும்" என்றாள் ஒருநாள்.

"இது சோகம். பிடில வித்துருதான். ஆனா கடைசியில கையில வந்துரும், பயப்படாண்டாம்" என்றாள் இன்னொரு நாள்.

"இதைப் பாக்காதிய. பேசிக்கிட்டே இருக்கான், வாசிக்கவே மாட்டான். அடுத்த சேனலுக்குத் திருப்புங்க, அங்க மூணு பொம்பளைய லாரி ஓட்டிக்கிட்டே பாடுதாவ" என்றாள் மற்றொரு நாள்.

அவள் சொன்னால் சொன்னபடி இருந்தது. அழுகைப் படம் என்று சொன்ன அன்றைக்குத் தங்கபுஷ்பம் துண்டோடு உட்கார்ந்தாள், கொட்டுப் படம் என்று சொன்ன அன்றைக்கு ஆண்கள் சீக்கிரமே காப்பியைக் குடித்து முடித்தார்கள். எல்லா வீட்டிலும் அவள் சொன்ன படமே ஓடியது. தண்ணீர் வந்தபிறகும் அவள் சொல்லி முடிக்கட்டும் என்று குடத்தை வைக்காமல் ஆட்கள் நின்றபோது, சுயம்புக்கனிக்குக் காது மடல் சுட்டது. தன் வாயிலிருந்து வருவதற்காக நாலு பேர் காத்து நிற்பது அவளுக்கு அதுவரைக்கும் நடந்ததில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நாளைக்கு எப்படிச் சொல்லவேண்டும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

பிறகு ஆட்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். கொட்டுக்கு எழும்பிய நாளில் அளத்தில் கை தன்னால் நடக்கிறது, உப்பு அம்பாரம் பனை உயரம் ஏறுகிறது என்று கண்டுகொண்ட வைகுண்டம், "ஏம்மா கனி, வாரத்துல நாலு நாள் கொட்டா எடுத்துக் குடும்மா" என்று வந்து நின்றார். மூன்றாவது வீட்டில் மாமியார் செத்துப்போனபோது, துக்கம் கழிகிறவரைக்கும் மெதுவாகப் போகிற பாட்டாகப் பார்த்துப் போடச் சொன்னார்கள், அவளும் தேடித் தேடி மணி அடிக்கிற சாமியார்களைக் கண்டுபிடித்துச் சொன்னாள். தங்கபுஷ்பம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடில் கேட்டாள். லாரி வராத நாள் அது.

"எம் புருசன் செத்தன்னைக்கு ஊரே அழுதுச்சு, எனக்கு மட்டும் கண்ணுல ஒரு சொட்டு வரலட்டி. கல்லுன்னு பேர் வச்சாளுவ. உம் பிள்ளை பிடில் அழுதாத்தான் எனக்கு வருது. வாரத்துக்கு ஒருக்கா அழுதுட்டா மத்த நாள் நல்லா இருக்கேன்" என்றாள்.

சுயம்புக்கனி சனிக்கிழமை ராத்திரிக்கு எங்கேயாவது பிடில் இருக்கிறதா என்று எல்லாச் சேனலும் தேடுவாள்.

ஆனால் பிள்ளை எதற்காக அழுகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. பசித்தாலும் பிடில்தான், வயிறு வலித்தாலும் பிடில்தான், எறும்பு கடித்தாலும் அதே பிடில்தான். முதலில் பாலைக் கொடுத்துப் பார்ப்பாள். குடிக்காவிட்டால் துணியைப் பார்ப்பாள். அதுவும் இல்லாவிட்டால் ஓம வாட்டர் கொடுப்பாள், தோளில் போட்டுத் தட்டுவாள், தொட்டிலைக் கட்டுகிற இடத்தை மாற்றுவாள், எல்லாம் செய்து முடிக்கிறபோது எது சரியாக இருந்தது என்று தெரியாமலே பிள்ளை தூங்கியிருக்கும். வளவில் பிள்ளை பெற்றவர்களிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டாள்.

"பசிக்கு அழுதா வாயைச் சப்பிச் சப்பி, விட்டு விட்டு அழும்" என்றாள் ஒருத்தி.

"வயித்து வலின்னா ஒரே இழுப்பா இழுக்கும். கேட்டாலே நமக்குக் கொடலு புரளும்" என்றாள் இன்னொருத்தி.

"அதெல்லாம் சொல்லிக் குடுக்கவா முடியும்? கேட்டவுடனே மாரு கனக்கும், அதான் பசி" என்றாள் தங்கபுஷ்பம்.

சுயம்புக்கனி பாட்டுக்கு அடியில் அந்த விட்டு விட்டு அழுகிறது இருக்கிறதா, அந்த ஒரே இழுப்பு இருக்கிறதா என்று தொட்டில் சேலைக்குள் தலையை விட்டுக் கேட்பாள். மேலே பாட்டு, அதற்கு அடியிலும் பாட்டுத்தான். அவள் மாருக்கும் ஒன்றும் தெரியாமல், பிள்ளை தூங்குகிற நேரத்தில் கனத்து ரவிக்கையை நனைத்தது, பிள்ளை அழுகிற நேரத்தில் வற்றிக் கிடந்தது.

ஒருநாள் கல்யாணத்துக்கு வாசிக்கிற பேண்டுக்காரர்களின் படம் வந்தது. எந்த நாடோ, சிவப்புச் சட்டை போட்ட தடித்தடி ஆட்கள், பித்தளைக் குழாய்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் வரப்பில் ஓடிக்கொண்டே ஊதினார்கள். "இன்னைக்குச் சிரிப்புப் படம். எல்லாரும் பாருங்க" என்று அவள்தான் சொன்னாள். லாரி வருகிற நேரத்தில் பிள்ளை பேண்டு வாத்தியமாக அழ ஆரம்பித்தது, வளவே கையைத் தட்டியது, லிங்கதுரை தூக்குவாளியைத் தலையில் வைத்துக்கொண்டு ரெண்டு சுற்று ஆடினான், சுயம்புக்கனியும் வாசலில் நின்று கையைத் தட்டினாள், லாரி ஆட்டத்தோடு கிளம்பிப்போனது. மறுநாளும் அதே படத்தைத் திரும்பப் போட்டான். மறுநாளும் ஆடினார்கள்.

லாரி போனபிறகு பாத்திரத்தை விளக்கிவைத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினாள். தோசைக் கல்லைத் தொட்டது போல இருந்தது.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விடிந்தும் விடியாத ரோட்டில் பிள்ளை பேண்டு வாத்தியமாக அழுதுகொண்டே போனது. மீன்கூடை ஏற்றிய சைக்கிள்காரன் கல்யாண ஊர்வலம் வருகிறது என்று ஓரமாக இறங்கி நின்றான். டீக்கடைக்காரர் ரேடியோவை அமர்த்திவிட்டுக் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன் காலால் தாளம் போட்டான். ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. அவள் முன்னே போகப் பார்த்தபோது, முனகுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் விடவில்லை.

"ஒன் பிள்ளை சந்தோசமாத்தானம்மா இருக்கு. எம் பிள்ளையைப் பாரு, கண்ணைத் தொறக்க மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதிலும் தப்பு இல்லை.

முறை வந்தபோது டாக்டரம்மா பிள்ளையின் காதுக்குள் லைட்டை அடித்துப் பார்த்தாள்.

"உள்ள சீழ் கட்டியிருக்கு. ரெண்டு நாளா துடிச்சிருக்குமே. அழுத அழுகையிலயே தெரிஞ்சிருக்கணுமேம்மா?"

சுயம்புக்கனி தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டு.

மருந்துக்குச் சுரம் இறங்கியது, காதும் ஆறியது. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவள் டிவியைப் போடவில்லை. போடாமல் என்ன செய்ய? வலப்பக்கத்து வீட்டில் அதே படம், இடப்பக்கத்து வீட்டில் அதே படம், எல்லாரும் அவள் சொல்லிப் பழக்கிய சேனல், சந்து வழியாக அத்தனை டிவிச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கித் தொட்டிலில் விழுந்தது. பிள்ளையின் காதில் பஞ்சை வைத்தாள், பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அடைத்த குரலில் பிள்ளை அதே பாட்டை அழுதது. கரெண்டு போகவேண்டும் என்று ஒரு ராத்திரி வேண்டிக்கொண்டாள், கரெண்டும் போனது, பிள்ளை பழைய பாட்டை அழுதது.

அன்றைக்குத்தான் இருட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் யோசித்தாள். ஒன்றும் போடாவிட்டால் பழையது நிற்கிறது. புதியது போட்டால் புதியது நிற்கிறது. அப்படியென்றால் புதியதாக ஒன்றைப் போட்டு, அதில் சத்தமே இல்லாமல் போட்டால்? ஆட்கள் வாசிக்கவேண்டும், பிள்ளை அதைக் கண்ணால் பார்க்கவேண்டும், காதில் ஒன்றும் விழக்கூடாது. அவள் வீட்டில் மட்டும் அமர்த்தினால் போதாது. வளவு முழுக்க அமர்த்தவேண்டும்.

மறுநாள் சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் நின்றார்கள். வைகுண்டமும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு என்ன கனி?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இன்னைக்குக் கொட்டுப் படம் மைனி." சுயம்புக்கனி குடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பெரிய பெரிய கொட்டு. ஆனா, சத்தமில்லாத படம். சத்தத்தைச் சுத்தமா அமத்திட்டுத்தான் பாக்கணும். அது அப்படி எடுத்த படம்."

"சத்தமில்லாத கொட்டா?" வைகுண்டம் சிரித்தார். "மத்தியானம் காமிச்சான், நானும் பாத்தேனே தாயி. அவன் அடிச்ச அடியில எங்க வீட்டுத் தட்டு தம்ளர்லாம் ஆடிச்சு. யார்ட்ட கதை விடுத?"

எல்லாரும் சிரித்தார்கள். சுயம்புக்கனிக்குக் காது மடல் சுட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று கால் ஒரு அடி திரும்பியது. பிறகு நின்றது.

"எம் பிள்ளை அழுவுறதை நான் இன்னும் கேக்கல அண்ணாச்சி" என்றாள்.

"என்னட்டி சொல்லுத? வளவே கேக்குது" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீங்க கேட்டது பிடிலு மைனி. கொழலு, கொட்டு, பேண்டு. அது ஊர் ஊராப் போயி எவனெவனோ வாசிச்சது. காதுக்குள்ள சீழு வச்சுத் துடிச்சிருக்கு, எல்லாரும் கையைத் தட்டுனோம். நானுந்தான தட்டுனேன்? ஒரு நா ராத்திரி எல்லாரும் சத்தத்தை அமத்துங்க. ஒரு நா. அவ எப்படி அழுவான்னு கேட்டுக்கிடுதேன்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் பார்த்ததில்லை, படத்தைப் பற்றித் தவிர. லிங்கதுரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான், தூக்குவாளியைத் தலையில் வைத்து ஆடியது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். குழாயில் தண்ணீர் குடம் நிரம்பி வழிந்தது, ஒருவரும் குடத்தை மாற்றவில்லை.

வைகுண்டம் சைக்கிள் மணியைத் தடவினார். "நீ கேக்கது ஞாயந்தான். ஆனா ஒருக்கா தன் அழுகையை அழுது பழகிட்டா, பொறவு பாட்டு வருமா வராதா? வராம போச்சுன்னா? கொட்டுக்கு உப்பு வாருத கை, தகரத்துக்கு வாருமா?"

"தெரியாது அண்ணாச்சி" என்றாள் சுயம்புக்கனி. அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

எல்லாரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு என்ன போகும் என்று எல்லாருக்கும் தெரியும். தங்கபுஷ்பம் குழாயை அடைத்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அண்ணே, ஒமக்கு உப்புதானே வேணும்? நாளைக்கு நான் உம்ம பாத்தியையும் சேத்து வாருதேன், வாயை மூடும்" என்றாள் வைகுண்டத்திடம். பிறகு வளவுப் பக்கம் திரும்பி, "ஏ, எல்லாருக்கும் சொல்லுதேன், இன்னைக்கு ராத்திரி எவ வீட்டுல டிவி முக்குதோ, அவ வீட்டு வயரைப் பிடுங்கி அவ கழுத்துலயே மாட்டிருவேன்" என்றாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றாள் சுயம்புக்கனி மெதுவாக.

"வந்தா வருது. கல்லுன்னு பேரு இருக்குல்லா, அதை வச்சிக்கிடுதேன்."

ராத்திரி ஒரு மணிக்குப் பிள்ளை முந்தின நாள் பாட்டை அழுதுகொண்டு எழுந்தது, பாலைக் குடித்து அடங்கியது, வளவு எழும்பியது. எல்லா வீட்டிலும் டிவி எரிந்தது, ஒரு வீட்டிலும் சத்தம் இல்லை. வட்டமாக நின்ற ஆட்கள், ஆள் உயரக் கொட்டுகள், வேர்வை தெறிக்கக் கையை ஓங்கி ஓங்கி அடித்தார்கள், அடி ஒன்றும் வெளியே வரவில்லை. ஆட்கள் கடுங்காப்பியை உறிஞ்சாமல் குடித்தார்கள். நாலாவது வீட்டில் ஒருவன் தன்னை மறந்து தொடையில் தட்டினான், அவன் பெண்டாட்டி அவன் கையை இழுத்துத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டாள். இருமல் வந்தவர்கள் தலையணையில் இருமினார்கள். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் கடல் சத்தம் வளவுக்குள் கேட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். தொட்டிலில் பிள்ளை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்தது. படம் முடிந்தது. பிள்ளை கண்ணை மூடியது.

லாரி வந்து நின்றது. டிரைவருக்கும் சொல்லியிருந்ததால் அவன் இஞ்சினை அமர்த்தினான். ஒருவரும் ஏறவில்லை. வாசல் வாசலாகத் தூக்குவாளியோடு நின்றார்கள்.

பிள்ளை நெளிந்தது. காலை உதைத்தது. வாயைத் திறந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

தகர வாளியைச் சிமெண்ட் தரையில் இழுத்தது போல வந்தது. ராகம் இல்லை, தாளம் இல்லை, நடுவில் மூச்சு அறுந்து, ஒரு விக்கல் விக்கி, மறுபடியும் முதலிலிருந்து கரகரவென்று ஏறியது. சந்து வழியாக வீடு வீடாக இறங்கியது.

"இம்புட்டுத்தானா?" என்று எங்கேயோ ஒரு ஆண் குரல் கேட்டது.

"எழுப்புறதுக்கு இது போதும்" என்றார் லாரிக்குப் பக்கத்தில் நின்ற வைகுண்டம், கொஞ்சம் காதைத் தேய்த்துக்கொண்டு.

லிங்கதுரை ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். "பாலைக் குடு பிள்ள, பசிக்குது போல."

சுயம்புக்கனி அசையாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மாரு கனக்கவில்லை. குடல் புரளவில்லை. கோபமாக, எரிச்சலாக, யாராவது வந்து பாருங்களேன் என்கிற மாதிரி அந்த அழுகை இருந்தது, அதில் வலி இல்லை, அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"பசியில்ல. நனைச்சிருக்கா" என்றாள்.

லிங்கதுரை தொட்டிலுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தான். கை சொட்டச் சொட்ட வந்தது.

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. "என்னத்துக்குட்டி இந்தக் கத்து கத்துதா?"

"மோண்டுட்டா மைனி!" என்று சுயம்புக்கனி கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். வளவில் அங்கங்கே சிரித்தார்கள். ஒவ்வொருவராக லாரியில் ஏறினார்கள்.

அவள் கொடியில் கிடந்த காய்ந்த துணியை எடுத்து மடித்தாள். பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று நின்றாள்.